நகராத வரி

அத்தியாயம் 6

“தொட்டியில இறங்கலாம்னு நீதான் சொன்னியாம்மா?”

“ஆமாங்க.”

“திரையைப் பார்த்துட்டுத்தான் சொன்னியா?”

“ஆமாங்க.”

“அன்னைக்குக் காலையில அவர்கிட்ட, ‘நீ செத்தாத்தான் எனக்கு நிம்மதி’ன்னு கத்தினியாமே?”

“கத்தினனுங்க.”

லிடியா அக்கா என் பக்கம் திரும்பினார். துப்பறிகிறவர்களுக்குப் பொய் சொல்கிறவர்களைப் பிடிக்கும். பொய்யில் எங்காவது ஒரு நூல் நீட்டிக்கொண்டிருக்கும், பிடித்து இழுத்துவிடலாம். கேட்டதற்கெல்லாம் ஆமாங்க என்கிறவரை வைத்துக்கொண்டு என்ன செய்வது? அஸ்தம்பட்டியில் எங்கள் ஆபீஸ் பலகையில் ‘துப்பறியும் நிறுவனம்’ என்று இருக்கிறது. நிறுவனம் என்றால் அக்கா, நான், ஒரு ஸ்கூட்டர். என் பெயர் டோனி. வாய் மட்டும் நீளம் என்று அக்கா சொல்வார்.

ஆலை ஆட்களுக்குக் கட்டிய லைன் வீடு ஒன்றில் கலைமணி சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். கையில் இருந்த டீயில் ஆடை படிந்திருந்தது. யார் கொடுத்தார்கள், எப்போது கொடுத்தார்கள் என்று அவளுக்கே தெரிந்திருக்காது.

இராசிபுரம் தாண்டி நாமக்கல் போகிற வழியில் இருக்கிறது வெங்கடாசலத்தின் சேகோ ஆலை. குச்சிக்கிழங்கை, அதாவது மரவள்ளியை, அரைத்து ஜவ்வரிசி ஆக்குவார்கள். கழிவுத் தண்ணீர் பின்பக்கம் மூடிய தொட்டிக்குப் போய்ப் புளிக்கும். சில சமயம் அதில் விஷவாயு சேரும். தொட்டிக்குள் ஒரு கருவி மோப்பம் பிடித்து, ஆபீஸ் அறையில் உள்ள கம்ப்யூட்டர் திரையில் நிலவரத்தை எழுதிக்கொண்டே இருக்கும். திரையைப் பார்ப்பது கலைமணியின் வேலை. தொட்டிக்குள் அடைத்துக்கொள்ளும் பம்பைச் சரிசெய்வது அவள் கணவன் பூபதியின் வேலை. ஆயுத பூஜைக்கு மறுநாள் காலை பூபதி ஜன்னலோரம் நின்று “பாத்துச் சொல்லு” என்றான். அவள் பார்த்துச் சொன்னாள். அவன் இறங்கினான். ஏறி வரவில்லை.

மருமகள் தெரிந்தேதான் இறக்கிவிட்டாள் என்று பூபதியின் அம்மா ஆராயி புகார் கொடுத்திருந்தார். சாயந்திரம் வந்து அழைத்துப் போவதாக இன்ஸ்பெக்டர் மாதையன் சொல்லியிருந்தார். எங்களை அனுப்பியது கலைமணியின் அண்ணன் செங்கோட்டையன். சங்ககிரி லாரி டிரைவர். லோடு ஏற்றிப் போன இடத்தில், நாக்பூர் பக்கம் எங்கோ நின்றுகொண்டு, போனில் அழுதார். இந்த வழக்கில் நான் பார்த்த வரைக்கும், கேட்ட வரைக்கும், அழுதவர் அவர் ஒருவர்தான்.

“காலையில என்ன சண்டை?” என்றார் அக்கா.

“கேஸ் சிலிண்டரு புக் பண்ணச் சொன்னனுங்க. மறந்துட்டாருங்க.”

“அதுக்கா செத்துப் போகச் சொன்னீங்க?” என்று கேட்டுவிட்டேன்.

“ஊட்ல எல்லாரும் சொல்றதுதானுங்களே” என்றாள். வருத்தமும் இல்லை, கோபமும் இல்லை. இந்த ஊர்க் கழிவு நாற்றத்தில் வந்தவர்களுக்கு முதலில் மரத்துப் போவது மூக்கு. அவளுக்கு மூக்கோடு நிற்கவில்லை.

“திரையில என்ன எழுதியிருந்துச்சு?”

“வாயு இல்லைன்னு இருந்துச்சுங்க.”

“நல்லா ஞாபகம் இருக்கா?”

“எப்பவும் அதுதானுங்க இருக்கும்.”

அக்கா எழுந்துவிட்டார். வெளியே வந்ததும், “எப்பவும் அதுதான் இருக்கும்” என்று தனக்குள் ஒருமுறை சொல்லிக்கொண்டார்.

ஆபீஸ் அறையில் வெங்கடாசலம் எங்களுக்காகக் காத்திருந்தார். வெள்ளைச் சட்டை, வெள்ளை வேட்டி. அறையில் இருந்த எல்லாவற்றுக்கும் பொட்டு வைத்திருந்தது. எடை மெஷின், மின்விசிறி, ஸ்டேப்ளர், தீயணைக்கும் மணல் வாளி. சந்தனத்தின் மேல் குங்குமம்.

“வாளி ஆயுதமாங்க?” என்றேன்.

“நெருப்ப அணைக்கறதெல்லாம் ஆயுதந்தானுங்க தம்பி.”

எனக்கு இதில் ஆச்சரியம் ஒன்றுமில்லை. எங்கள் தெருவில் பக்கத்து வீட்டு அண்ணன் அவர் வண்டிக்குப் பொட்டு வைக்கிற கையோடு என் பைக்குக்கும் வைத்துவிடுவார். நாங்கள் வேதக்காரர்கள் என்று பைக்குக்குத் தெரியாது.

வெங்கடாசலம் மவுஸைப் பிடித்தார். திரையில் ஒரு வெள்ளைப் பெட்டி. பெட்டிக்குள் வரிவரியாகத் தமிழ் எழுத்து. அபாயம். அபாயம். அபாயம். கீழே போகப் போக அதுவேதான்.

“பாத்தீங்களா மேடம். விடிகாலையில இருந்தே கத்தியிருக்குது. இத்தனை வரி. படிக்காதவ கூடப் பாத்திருப்பா. இந்தப் புள்ள பன்னெண்டாவது படிச்சது.”

“நீங்க ஓடி வந்தப்ப இந்த வரிதான் திரையில இருந்துச்சா?”

“நான் எங்கீங்க பாத்தேன், தொட்டிக்கல்ல ஓடுனேன். பொறவு புரோகிராம் எழுதுன அன்பரசு தம்பி வந்துச்சு. மவுஸு சக்கரத்தச் சுத்தி எறக்கிக் காமிச்சுது. இன்ஸ்பெக்டர் யாரும் கைய வெக்கப்படாதுன்னுட்டாரு.”

அக்கா தலையாட்டினார். நான் திரையைப் பார்த்தேன். நடுவில் கொஞ்சம் இடப்பக்கமாக, கண்ணாடியில் மங்கலாக ஒரு மஞ்சள் கறை.

“மானிட்டருக்கு மஞ்சள் காமாலை” என்றேன். யாரும் சிரிக்கவில்லை. அக்கா மட்டும் அந்தக் கறையைக் கொஞ்சம் அதிக நேரம் பார்த்தார்.

*

அன்பரசுவின் அலுவலகமும் அஸ்தம்பட்டியில்தான் இருந்தது, எங்களுக்கு இரண்டு தெரு தள்ளி. பல் டாக்டர் மாடியில் ஒரு அறை. கீழே யாருக்கோ பல்லை ராவுகிற சத்தம். அன்பரசுவுக்கு முப்பது வயதுக்குள் இருக்கும். சரியாகத் தூங்காத கண்.

“என் புரோகிராம் சரியாத்தான் வேலை செஞ்சிருக்கு மேடம். அபாயம்னு எழுதியிருக்கு. நீங்களே பார்த்திருப்பீங்க. அதைப் பார்க்கலைன்னா நான் என்ன பண்ண முடியும்?”

“யாரும் உங்களை ஒண்ணும் சொல்லலை. அது எப்படி எழுதுதுன்னு மட்டும் காட்டுங்க.”

குற்றம் சாட்டாமல் கேட்டால் இந்தத் தொழில்காரர்கள் நன்றாகப் பேசுவார்கள். லேப்டாப்பைத் திருப்பி வைத்தான்.

“ஜாவாவுல எழுதினது. முதல்ல கறுப்பு ஜன்னல்லதான் ஓடிச்சு. கன்சோல்னு சொல்வோம். புரோகிராம் சொல்றதெல்லாம் அதுலதான் விழும். வெங்கடாசலம் சாரோட மச்சான் ஒரு நாள் பார்த்துட்டு, வைரஸ் வந்துடுச்சுன்னு கறுப்பு ஜன்னலை மூடிட்டாரு. புரோகிராமே செத்துப் போச்சு. அப்புறம்தான் இப்படி ஒரு விண்டோ பண்ணி, அதுக்குள்ள எழுத்துப் பெட்டி வச்சேன். கறுப்பு ஜன்னலுக்குப் போற எழுத்தை எல்லாம் வழியில பிடிச்சு இந்தப் பெட்டிக்குத் திருப்பி விட்டேன்.”

“மடை மாத்தி விட்டீங்க” என்றேன்.

“அதேதான். ரெண்டு மூணு வரிதான் கோடு. புரோகிராமுக்கு அது தெரியவே தெரியாது. பழைய இடத்துலயே எழுதறோம்னு நினைச்சுக்கும்.”

“புது வரி வந்தா?” என்றார் அக்கா.

“தானா கடைசி வரிக்கு நகரும். இப்பப் பாருங்க.”

ஓடவிட்டான். வாயு இல்லை. வாயு இல்லை. வாயு இல்லை. பெட்டி நிறைந்ததும் மேல் வரி மறைந்து கீழே புது வரி வந்தது. வந்தது என்று அவன் சொன்னதால்தான் தெரிந்தது. எல்லா வரியும் ஒன்றேயாக இருந்ததால் திரை அசைகிற மாதிரியே தெரியவில்லை.

“ஓடுதா நிக்குதா?” என்று கேட்டுவிட்டு, வரிகளை எண்ணிப் பார்க்கலாமே என்று மவுஸை எடுத்து ஒரு வரியின் நடுவில் தட்டினேன். பிறகு எண்ண ஆரம்பித்தேன். இப்போதும் அதே வாயு இல்லை, வாயு இல்லை. அன்பரசு சகஜமாகக் கையை நீட்டி மவுஸை வாங்கினான். கீழே இழுத்துக்கொண்டு போய், கடைசி வரிக்குப் பின்னால் ஒரு தட்டுத் தட்டினான்.

“இப்ப ஓடும்” என்றான்.

அக்கா நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார். “இப்ப ஓடும்னா? அதுவரைக்கும் ஓடலையா?”

“அவர் நடுவுல தட்டிட்டாருல்ல மேடம். தட்டின இடத்துல கர்சர் போய் நிக்கும். கர்சர் கடைசியில இருந்தாத்தான் பெட்டி புது வரி கூடவே போகும். நடுவுல இருந்தா அங்கேயே நின்னுக்கும். பழைய வரியைப் படிக்கணும்னா வசதி. எங்களுக்குப் பழக்கம். நின்னா கீழே போய் ஒரு தட்டு.”

“புது வரியெல்லாம்?”

“வந்துகிட்டுத்தான் இருக்கும். கீழே, கண்ணுக்குத் தெரியாம.” சொல்லிக்கொண்டே வந்தவன் குரல் இறங்கிவிட்டது. “ஆனா அங்க மவுஸை யாரும் தொடறதே இல்லை மேடம். மேசை டிராயருக்குள்ளதான் கிடக்கும். நான் போன அன்னைக்குத் தேடித்தான் எடுத்தேன்.”

“மானிட்டர் யார் வாங்கிக் கொடுத்தது?”

“மானிட்டரா? பழசு போய்ப் புதுசு இருந்துச்சு. சாரோட மருமகன் சிங்கப்பூர்ல இருந்து கொண்டு வந்தாராம்.”

“தொட்டா வேலை செய்யற திரையா?”

“இருக்கும் மேடம்” என்று அன்பரசு லேப்டாப்பை மெல்ல மூடினான். கீழே பல் டாக்டரின் மெஷின் நின்றுவிட்டிருந்தது.

“சைரன் ஒண்ணு மாட்டியிருக்கலாமே தம்பி” என்றேன். என் குரல் எனக்கே பிடிக்கவில்லை.

“எழுதிக் கொடுத்தேன். திரையே போதும்னுட்டாரு.”

*

ஆலைக்குத் திரும்பும்போது வெயில் சாய்ந்துகொண்டிருந்தது. மல்லூர் பக்கம் முட்டை லாரி ஒன்று எங்களை ஓரம்கட்டிவிட்டுப் போனது.

“அக்கா, கேஸ் முடிஞ்சுது. சந்தனம் வச்ச விரல்தான் மவுஸ். கறை இருக்கு, கர்சர் இருக்கு.”

“கறை எப்ப வந்ததுன்னு எப்படிடா சொல்லுவே? வரியில தேதி இல்லை, நேரம் இல்லை. அபாயம்னு பார்த்துட்டு, பூபதி இறங்கின பிறகு அவளே தட்டி நிறுத்தினான்னு மாதையன் சொல்லுவார்.”

“அப்ப?”

“கர்சர் இன்னும் நின்ன இடத்துலயே இருக்கணும்னு மாதாகிட்ட வேண்டிக்கோ.”

அக்கா ஜெபத்தை என்னிடம் ஒப்படைத்தால் விஷயம் மோசம் என்று அர்த்தம். வேண்டிக்கொண்டேன்.

நாங்கள் போனபோது ஜீப் வந்துவிட்டிருந்தது. மாதையன் ஆபீஸ் அறையில் நின்றிருந்தார். பெண் போலீஸ் ஒருவர் கலைமணியை அழைத்து வந்து கதவோரம் நிறுத்தியிருந்தார். செருப்பை வெளியே கழற்றிவிட்டு வந்திருந்தாள். ஸ்டேஷனுக்குப் போகிறவள் ஆபீஸ் தரை அழுக்காகுமே என்று பார்த்திருக்கிறாள்.

“ஒரே ஒரு நிமிஷம் சார்” என்றார் அக்கா.

“உங்க ஒரு நிமிஷம் எனக்குத் தெரியும் மேடம்.” மாதையன் நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார். உட்கார்ந்தது நல்ல அறிகுறி.

நான் ஆர்வத்தில் திரையை நோக்கி விரலை நீட்டினேன். அக்கா என் கையைப் பட்டென்று தட்டிவிட்டார்.

“விரலை வச்சேன்னா சாட்சி ஓடிடும்.”

மவுஸ் சக்கரத்தை அக்காவே மேலே உருட்டினார். அபாயம், அபாயம், அபாயம். உருட்டிக்கொண்டே இருந்தார். அபாயங்கள் முடிந்தன. வாயு இல்லை தொடங்கியது. உருட்ட உருட்ட அது மட்டுமே. வெங்கடாசலம் கொட்டாவி விட்டார். பிறகு நடுவில் ஒரு வரி மாறியது: மோட்டார் ஓடுகிறது.

“இது என்ன வரிங்க?” என்றார் அக்கா.

“கெழங்கு அரைக்கற மோட்டாரு நின்னு மறுக்கா ஓடுனா எழுதுமுங்க.”

“உங்க மோட்டார் எப்ப நிக்கும்?”

“சீசன்ல எங்கீங்க நிக்கறது. கெழங்கு புளிச்சுப் போயிராதுங்களா. பூசையன்னைக்கு மட்டும், சாமி கும்பிடற வரைக்கும் நிறுத்துவமுங்க.”

“இந்த சீசன்ல வேற எப்பவாவது?”

“இல்லீங்க. அப்ப மட்டுந்தான்.”

அக்கா இன்னும் கொஞ்சம் உருட்டினார். வாயு இல்லை, வாயு இல்லை. ஒரு வரியின் நடுவில், இரண்டு எழுத்துகளுக்கு இடையே, மெல்லிய கறுப்புக் கோடு ஒன்று மின்னி மின்னி மறைந்தது. மஞ்சள் கறைக்கு நேராக வருகிற மாதிரி அக்கா அதை நிறுத்தினார். இன்னும் ஒரு திரை அளவு மேலே உருட்டி ‘மோட்டார் நின்றது’ என்ற வரியைக் காட்டிவிட்டு, மறுபடி கோட்டுக்கே திரும்பி வந்தார்.

“சார், இந்தக் கோடுதான் கர்சர். கடைசியா விரல் பட்ட இடம். அதுக்கு மேலே மோட்டார் நின்றது. கீழே மோட்டார் ஓடுகிறது. ரெண்டுக்கும் நடுவுலதான் விரல் பட்டிருக்கு. பூஜை நேரம். மெஷினுக்கெல்லாம் பொட்டு வைக்கிற நேரம். பொட்டு வச்ச உடனே பெட்டி இங்கேயே நின்னுடுச்சு. அதுக்கப்புறம் வந்த வரியெல்லாம் கீழே போய்ச் சேர்ந்திருக்கு, யார் கண்ணுக்கும் படாம. மறுநாள் காலையில இந்தப் பொண்ணு பார்த்தது இந்தத் திரையைத்தான்.”

பார்த்தோம். மேலிருந்து கீழ்வரை வாயு இல்லை.

“வேற மாதிரி இருந்திருந்தா சந்தேகம் வந்திருக்கும்” என்றார் அக்கா. “எப்பவும் இருக்கிறதே இருந்துச்சு.”

மாதையன் எழுந்து வந்து திரைக்குப் பக்கத்தில் முகத்தைக் கொண்டுபோய்ப் பார்த்தார். கறையைப் பார்த்தார். கோட்டைப் பார்த்தார். அன்பரசுவுக்குப் போன் போட்டு அவரே கேட்டார். மறுமுனையில் அவன் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டது எங்களுக்குக் கேட்டது.

வெங்கடாசலத்துக்கு இப்போது கொட்டாவி வரவில்லை. “அப்பப் பொட்டு வெச்சவங்கதானுங்க காரணம். அவியளப் புடிங்க.”

“இந்த அறையில பொட்டு வைக்காத பொருள் ஒண்ணு காட்டுங்க” என்றார் அக்கா. “மணல் வாளிக்குக்கூட வச்சிருக்கீங்க. பொட்டு வைப்பாங்கன்னு தெரிஞ்ச இடத்துல, தொட்டா நிக்கிற திரையைக் கொண்டு வந்து வச்சது நீங்க. புரோகிராம் எழுதினவர்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலை. சைரன் வேண்டாம்னதும் நீங்கதான்.”

“நீங்க ஸ்டேஷனுக்கு வாங்க” என்றார் மாதையன், அவரிடம். “இந்தம்மாவை நான் கூட்டிட்டுப் போகலை.”

பெண் போலீஸ் கலைமணியின் பக்கத்திலிருந்து விலகி நின்றார். கலைமணிக்கு அது தெரிந்ததா என்றே தெரியவில்லை. நான் சந்தோஷப்பட முயன்று பார்த்தேன். ஒன்றும் வரவில்லை. ஜெயித்த வழக்கில் இப்படி இருந்ததில்லை.

*

ஜீப் போன பிறகு அறையில் நாங்கள் மூவர்தான். லிடியா அக்காவைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அவர் கட்சிக்காரரிடம் பொய் சொல்ல மாட்டார். மாப்பிள்ளை எப்படி என்று விசாரிக்கச் சொல்கிறவர்களிடம்கூட இருக்கிறதை இருக்கிறபடி சொல்லிவிடுவார். எங்கள் ஆபீஸ் இன்னும் ஒற்றை ஸ்கூட்டரோடு நிற்பதற்கு அதுதான் காரணம். பொய் என் இலாகா.

“ஏனுங்க” என்றாள் கலைமணி. அவளாக வாய் திறந்தது அதுதான் முதல் தடவை. “பொட்டு வெச்சதுலதான் நின்னுச்சுங்களா?”

“யார் வச்சாங்கன்னு நான் கேக்கலைம்மா. கேக்கவும் மாட்டேன்.”

“அவருதானுங்க வெச்சாரு.”

எனக்கு மூச்சு வந்தது. வரும் வழியெல்லாம் நான் பயந்துகொண்டிருந்தது, அவளே வைத்திருப்பாளோ என்றுதான்.

“மொதல்ல எனக்கு வெச்சாருங்க. அப்பறம் அதே கையோட இதுக்கு வெக்க வந்தாரு” என்றாள். திரையைப் பார்த்துக்கொண்டே, யாருக்கோ நடந்ததைச் சொல்கிற மாதிரி சொன்னாள். “இந்தா, இந்தக் கறுப்புச் சட்டத்துல, ஓரத்துலதானுங்க வெக்கப் போனாரு. கண்ணாடி அழுக்காயிரும்னாரு. நான்தான், கண்ணாட்டம் நம்மளப் பாத்துக்கற மிசினு, ஓரத்துல வெப்பாங்களான்னு கையப் புடிச்சு நடுவுல...”

அங்கே நிறுத்திவிட்டாள். அக்காவைப் பார்த்தாள்.

“ஓரத்துல வெச்சிருந்தா நின்னிருக்காதுங்களா?”

அந்தச் சட்டம் வெறும் பிளாஸ்டிக். அதில் ஊர்ச் சந்தனம் முழுவதையும் பூசினாலும் ஒரு வரியும் நிற்காது. எனக்குத் தெரியும். அக்காவுக்கும் தெரியும்.

“எங்க வச்சிருந்தாலும் நின்னிருக்கும்” என்றார் அக்கா.

கலைமணி என் பக்கம் திரும்பினாள். “ஏனுங்க தம்பி, அப்படிங்களா?”

காலையிலிருந்து எதற்கும் வாயை மூடாதவன் நான். ஏதாவது சொல்லிச் சமாளித்துவிடலாம் என்று பார்த்தேன். இருந்தது ஒரே ஒரு பதில்தான்.

“ஆமாங்க அக்கா. எங்க வச்சாலும் நிக்கும்.”

“செரிங்க” என்றாள்.

குரல் மாறவில்லை. வாசலுக்குப் போய்க் குனிந்து செருப்பை மாட்டிக்கொண்டாள். பிறகு வலது கையைத் திருப்பி ஒருமுறை பார்த்தாள். பார்த்துவிட்டு முந்தானையில் சுற்றிக்கொண்டு, லைன் வீடுகளின் பக்கம் நடந்தாள்.